நாற்பத்தேழாம் குறிப்பு

என் மனைவியைப் பக்கத்தின் அடியில் வைப்பதா, புத்தகத்தின் கடைசியில் வைப்பதா என்று ஒரு பல்கலைக்கழகமே கூடி முடிவெடுத்த கதை இது. முடிவெடுத்தவர்கள் எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள். அதனால்தான் இவ்வளவு காலம் பிடித்தது.

நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியாராக இருந்தவன். ஓய்வு பெற்ற கையோடு வீட்டில் உட்கார்ந்துகொண்டு, குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று மனைவிக்குக் கணக்குச் சொல்ல ஆரம்பித்தேன். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம், என் உயிரை எடுக்கிற நேரத்தில் எங்கேயாவது போய் டாக்டர் பட்டம் எடுக்கக்கூடாதா என்று கேட்டுவிட்டாள். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் எனக்கு அது பிடித்துப்போயிற்று.

பேருந்து நிறுத்தங்களில் மக்கள் எப்படிக் காத்திருக்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. தலைப்பைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் நெறியாளர், அவர் தலைப்பைக் கேட்கவே இல்லை. இன்னொருத்தி என் மனைவி. வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்வது, நானும் வருகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நிறுத்தம் நிறுத்தமாகப் போய் உட்கார்ந்தோம். நான் தலைகளை எண்ணுவேன். நிற்பவர் எத்தனை பேர், உட்கார்ந்தவர் எத்தனை பேர், நிழலில் எத்தனை பேர், வெயிலில் எத்தனை பேர். அவள் எதையும் எண்ணமாட்டாள். பையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். அவ்வப்போது, "அந்தப் பொண்ணுக்கு இன்னிக்கு வேலை போயிடுச்சு போல" என்கிற மாதிரி ஆய்வுக்கு உதவாத ஏதாவது சொல்வாள். ஒருநாள் சாயங்காலம், ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தபோது என் முழங்கையை இடித்தாள்.

"ஏங்க, ஒண்ணு கவனிச்சீங்களா? தனியா நிக்கிறவங்கதான் பஸ் வருதான்னு கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கிறாங்க. கூட ஆள் இருக்கிறவங்க அந்தப் பக்கமே திரும்புறதில்ல."

எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது. அடுத்த நிறுத்தத்திலும், அதற்கடுத்த நிறுத்தத்திலும், மழை நாளிலும், விடுமுறை நாளிலும் சரியாகவே இருந்தது. என் ஆய்வேட்டில் உருப்படியாக ஒரு விஷயம் இருக்கிறதென்றால் அது இதுதான். மற்றதெல்லாம் அட்டவணை.

மூன்றாம் இயலை நான் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் அவள் போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. எழுத ஆரம்பித்தால் பல்கலைக்கழகத்தைத் திட்ட எனக்குத் தெம்பு இருக்காது.

அவள் சொன்னது மூன்றாம் இயலின் நடுவில், என் வாக்கியம் மாதிரி உட்கார்ந்திருந்தது. அவள் பெயரில் அதை எப்படிச் சொல்வது என்று நெறியாளரிடம் கேட்டேன். வாக்கியத்துக்குள்ளேயே சொல்லக்கூடாது, ஆராய்ச்சிக்குள் குடும்பத்தைக் கொண்டுவருவது அழகில்லை என்றார். முன்னால் நன்றியுரையில் சொல்லலாமா என்றேன். நன்றியுரைக்கு ஒரு வரிசை இருக்கிறதாம். துணைவேந்தர், பதிவாளர், நூலகர், தட்டச்சர் எல்லோருக்கும் பிறகு மனைவி வருவாள். அங்கேயும் "பொறுமை காத்த என் துணைவியாருக்கு" என்றுதான் எழுத வேண்டும், வேறு வாசகம் ஏற்கப்படாது. என் மனைவி பொறுமை காத்ததாகச் சரித்திரமே கிடையாது. அப்படி ஒரு பொய்யை அச்சடிக்க எனக்கு மனசு வரவில்லை.

கடைசியில் அடிக்குறிப்பு என்று முடிவாயிற்று. வாக்கியத்தின் முடிவில் பொடியாக ஒரு எண் போடுவது. அதே பக்கத்தின் அடியில் ஒரு கோடு கிழித்து, அந்த எண்ணைப் போட்டு, சொல்ல வேண்டியதைச் சின்ன எழுத்தில் சொல்வது. படிக்கிறவன் கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கினால் போதும். என் ஆய்வேட்டில் அவளுக்குக் கிடைத்த எண் நாற்பத்தேழு. இப்படி எழுதினேன்: "இதை முதலில் கவனித்தவர் என் மனைவி. நான் அப்போது எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்."

எழுதிவிட்டு அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தேன். மேலே நான், கீழே அவள். நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாதிரியே இருந்தது. யாராவது ஒரே ஒரு ஆள் இதைப் படித்து, அட, இது அந்த அம்மா கண்டுபிடித்ததா என்று நினைத்தால் போதும் என்று தோன்றியது. பட்டம் எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. அது அவள் கோபத்தில் சொன்னது.

ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு ஆய்வேட்டுக் குறிப்பு ஒழுங்குப் பிரிவுக்குப் போனேன். ஜன்னலைத் திறந்தால் சுவர் தெரிகிற அறை. மூன்று மேஜை, ஒரு ஆள். மின்விசிறி ஆளில்லாத மேஜைக்கு மேலேதான் சுற்றியது. இருந்த ஒரே ஆளுக்கு அந்தக் கட்டடத்தில் ஸ்கேல் என்று பெயர். ஒரு அடி நீள இரும்பு ஸ்கேல் ஒன்றை எந்நேரமும் கையில் வைத்திருப்பார். வீட்டுக்குப் போகும்போதும் தோள்பையில் அது நீட்டிக்கொண்டிருக்கும்.

கோட்டுக்கும் முதல் வரிக்கும் நடுவே எவ்வளவு இடம், குறிப்பு பக்கத்தில் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது, எண் எழுத்தின் தோளில் உட்கார்ந்திருக்கிறதா தலையில் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாக அளந்தார். நாற்பத்தேழாம் குறிப்பு வந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அதையும் அளந்தார். ஒரு நூல் அளவு கூடுதல் என்றார். படித்துப் பார்த்தீர்களா என்று மெதுவாகக் கேட்டேன்.

"நாங்க படிக்கிறதில்ல சார். படிச்சா பாரபட்சம் வந்துடும். அளக்கிறது மட்டும்தான்."

அந்த ஒரு நூலைக் குறைத்துக்கொண்டு திரும்பிப் போனபோது கதவில் சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக ஒரு புல முதன்மையர், அதாவது டீன், வந்திருக்கிறார். இனி அடிக்குறிப்பு ஒழிந்தது, எல்லாக் குறிப்புகளும் ஆய்வேட்டின் கடைசியில் மொத்தமாக, இறுதிக்குறிப்பாகத்தான் இருக்க வேண்டும். காரணமும் கொடுத்திருந்தார்கள். அடிக்குறிப்பு வாசகரின் பார்வையைத் தாழ்த்துகிறது, தாழ்ந்த பார்வை உயர்கல்விக்கு உகந்ததல்ல. ஸ்கேல் என்னைப் பார்த்து, ஒரு நூல் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிட்டது என்று ஆறுதல் சொன்னார்.

சரி, தலையெழுத்து என்று அவளைத் தூக்கிக் கடைசியில் வைத்தேன். முன்னூறு பக்கம் தாண்டி, எனக்கே யாரென்று மறந்துபோன அறிஞர்களுக்கு நடுவில். அவளுக்கு முன்னால் ஒரு போக்குவரத்து அறிக்கை, பின்னால் ஒரு சிமெண்ட் ஆய்வு. பக்கத்தில் பேசுவதற்கு ஆளில்லாத இடம். அவள் என்றால் அந்தச் சிமெண்டையே பேச வைத்திருப்பாள் என்பது வேறு விஷயம்.

அந்த வாரம் என் மைத்துனன் வீட்டுக்கு வந்தான். அவளுடைய ஒரே தம்பி. அக்கா இருந்தவரை வாரம் தவறாமல் வந்தவன், இப்போது எப்போதாவது வருகிறான். வந்தாலும் எங்கள் இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியாது. நடுவில் அவள் உட்கார்ந்து பேசியே பழகிவிட்டோம். அவன் கையில் ஆய்வேட்டைக் கொடுத்து, மூன்றாம் இயலைப் படிக்கச் சொன்னேன். பொறுமையாக முழுவதும் படித்தான். நன்றாக இருக்கிறது என்றான். அப்புறம் காகிதங்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"எல்லாம் சரி அத்தான். அக்காவைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லையே?"

இருக்கிறது, கடைசியில் இருக்கிறது, நாற்பத்தேழு என்றேன். கடைசிவரைக்கும் யார் போகிறார்கள் அத்தான் என்றான். பாவம், அவன் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னான். அவன் போன பிறகு இரண்டு டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு, அவளைப் பக்கத்தின் அடிக்கே திருப்பிக் கொண்டுவரக் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டு, மறுநாளே பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினேன். சொந்தத் தம்பியே புரட்டாத பக்கத்தில் அவளை விட்டுவிட்டு என்னால் தூங்க முடியவில்லை.

போய்ப் பார்த்தால் அங்கே பெரிய போரே நடந்துகொண்டிருந்தது. பதிவாளர் அடிக்குறிப்புக் கட்சி. முதன்மையர் இறுதிக்குறிப்புக் கட்சி. கட்டடமே இரண்டாகப் பிரிந்துவிட்டது. அடிக்குறிப்புக்காரர்கள் தரைத்தளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இறுதிக்குறிப்புக்காரர்கள் வளாகத்தின் கடைக்கோடியில், சைக்கிள் நிறுத்துகிற கொட்டகைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். தேநீர் கடைக்காரர் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கத்தையும் திட்டினார்.

அறிவிப்புப் பலகைகளிலும் இந்த வியாதி தொற்றியிருந்தது. முதன்மையரின் ஆட்கள் எங்கே பார்த்தாலும் எண் போட்டு, விளக்கத்தைக் கடைசியில் கொண்டுபோய் ஒட்டியிருந்தார்கள். லிஃப்ட் கதவில் "ஆறு பேர் ஏறலாம்" என்று எழுதி மேலே பொடியாக ஒரு எண். நானும் ஒரு பேராசிரியையும் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, மூச்சிரைக்க மாடி ஏறி, கடைசித் தளத்தின் கடைசிச் சுவரில் அந்த எண்ணைக் கண்டுபிடித்தோம். "பழுது" என்று இருந்தது. கழிப்பறைக் கதவிலும் எண் இருந்தது. அதற்கான குறிப்பைத் தேடி வராந்தாவின் கோடிவரை ஓடியவர்களை நான் கண்ணால் பார்த்தேன். அதற்குமேல் சொல்வது நாகரிகமில்லை.

பதிவாளரின் ஆட்கள் மட்டும் சளைத்தவர்களா? அவர்கள் தங்கள் அறிவிப்புகளில் குறிப்பை அடியில் எழுதி எழுதி, அது ஏறி ஏறி, மேலே அறிவிப்புக்கு இடமே இல்லாமல் போயிற்று. ஒரு பலகையில் மேலே "நாளை" என்ற ஒரே ஒரு சொல். அதற்குக் கீழே தரைவரைக்கும் குறிப்பு. அதை நான்கு பேர் குந்தி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த அமளியில் என் விண்ணப்பம் ஒரு நல்ல காரியம் செய்தது. இரண்டு கட்சிக்கும் சண்டை போட ஒரு வழக்கு தேவைப்பட்டது, நான் கிடைத்தேன். பேரவை கூடியது. நீளமான மேஜை, உயரமான நாற்காலிகள். எனக்கு மட்டும் வகுப்பறையிலிருந்து ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். இரண்டு பேர் உட்காருகிற பெஞ்சு. நான் பழக்கதோஷத்தில் ஓரமாக உட்கார்ந்தேன்.

பதிவாளர் முதலில் எழுந்தார். பதவிக்கு ஏற்ற குரல்.

"அடிக்குறிப்புன்னா என்ன? மேல இருக்கிறவர் சொல்றதுக்குக் கீழ இருக்கிறவர் ஆதாரம் கொடுக்கணும். அதுதான் ஒழுக்கம். இந்தப் பல்கலைக்கழகமே அப்படித்தான் நடக்குது. நான் கையெழுத்துப் போடுற எதையும் இதுவரைக்கும் நான் எழுதினதில்ல. கீழ இருந்து வரும். வரணும்."

கைதட்டினார்கள். முதன்மையர் சிரித்துக்கொண்டே எழுந்தார். இவர் குரலை உயர்த்துகிற ஆளில்லை.

"நான் எத்தனையோ ஆய்வேடு திருத்தியிருக்கேன். ஒரு இறுதிக்குறிப்பைக்கூட படிச்சதில்ல. அதுதான் அதோட பண்பு. அது பாட்டுக்குக் கடைசியில இருக்கும், நம்மளைத் தொந்தரவு பண்ணாது. ஆதாரம் இருக்குங்கிற நம்பிக்கைதான் முக்கியம். ஆதாரத்தைப் போய்ப் பார்க்கிறது சந்தேகப்படுற மாதிரி."

இதற்கும் கைதட்டினார்கள். இரண்டுக்கும் தட்டியவை அதே கைகள்தான். அப்புறம் என் பக்கம் திரும்பி, ஆய்வாளர் ஏன் அடியில்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார் என்று கேட்டார்கள். நான் வீட்டிலிருந்து வரும்போதே பெரிய பேச்சு ஒன்றைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். வாசகரின் வசதி, உலக வழக்கம், அது இது என்று. எழுந்து நின்றதும் எல்லாம் மறந்துபோயிற்று.

"அவ என் பக்கத்துலயே இருந்து பார்த்தா சார். பக்கத்துலயே இருக்கட்டும்னுதான்."

ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆகா, மனுஷத்தன்மை எங்கேயும் முழுசாகச் செத்துவிடவில்லை என்று நான் நினைத்தேன். நினைத்திருக்கக்கூடாது. முதன்மையரும் பதிவாளரும் தலையைச் சேர்த்துவைத்துக் குசுகுசுவென்று பேசினார்கள். அந்தச் சண்டையில் அவர்கள் பேசிக்கொண்டது அப்போதுதான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

என் துக்கத்தில் பேரவை பங்குகொள்கிறது என்றும், அதை ஒட்டி ஒரு நிரந்தர விதியே பிறந்திருக்கிறது என்றும் அறிவித்தார்கள். மேற்கோள் காட்டப்படுகிறவர் உயிரோடு இருந்தால் அடிக்குறிப்பு. காலமாகியிருந்தால் இறுதிக்குறிப்பு. இரண்டு கட்சிக்கும் வெற்றி. ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். என் மனைவியின் இறப்புச் சான்றிதழை இணைக்கச் சொன்னார்கள். மற்ற அறிஞர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்களா என்று நானே விசாரித்து உறுதி செய்து தர வேண்டுமாம்.

அப்புறம் பல மாதம் எனக்கு இதே வேலை. காலையில் எழுந்து காபி போட்டுக் குடித்துவிட்டு, முன்பின் தெரியாதவர்களுக்குப் போன் பண்ணி, நீங்கள் இருக்கிறீர்களா என்று கேட்பேன். ஒருவர் இருந்தார், ஆனால் கோபப்பட்டார். உயிரோடு இருக்கிற ஒரே காரணத்துக்காகத் தன்னை அடியில் போடுவதா, செத்தவர்களுக்கு மட்டும் தனிப் பக்கமா, இதென்ன நியாயம் என்று கத்தினார். இன்னொருவர் அடியில் இருந்தார். ஸ்கேல் அளந்து முடிப்பதற்குள் காலமாகிவிட்டார். எண்ணை மாற்றாமல் பக்கங்களை மட்டும் திரும்ப அடுக்கி, அவரைத் தூக்கிக் கடைசியில் வைத்தோம்.

நிழற்குடைகளின் கூரையைப் பற்றி இளமையில் ஒரு புத்தகம் எழுதிய பேராசிரியை ஒருவர் இருந்தார். நானே அவர் போய்ச் சேர்ந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். சரிதான், இன்னொரு சண்டை என்று நான் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"இருக்கேன்பா. நல்லா குறிச்சுக்கோ. இருக்கேனான்னு யாரும் கேட்டு எத்தனையோ நாளாச்சு."

அதற்குப் பிறகு அவரே வாரம் ஒருமுறை கூப்பிட ஆரம்பித்தார். "இன்னும் இருக்கேன்" என்பார். நான் "சரிங்கம்மா" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. உண்மையைச் சொன்னால், அந்த வாரங்களில் என்னை நலம் விசாரித்த ஒரே போன் அதுதான். விசாரித்தது என்னைத்தானா என்பது வேறு கேள்வி.

கடைசியாக வாய்மொழித் தேர்வு வந்தது. அதற்கும் புதிய முறை வகுத்திருந்தார்கள். அடிக்குறிப்பு பற்றிய கேள்விகளை நடுநடுவே தாழ்ந்த குரலில் கேட்க வேண்டும். இறுதிக்குறிப்பு என்பது முடிவுக்குப் பிறகு வருவது என்பதால், அதற்கான அமர்வு தேர்வு முடிந்த பிறகுதான் நடக்கும். தேர்வு முடிந்ததும் தேர்வாளர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்களே என்று கேட்டேன். அது அவர்களுடைய உரிமை, அதில் நாம் தலையிட முடியாது என்றார் நெறியாளர்.

மண்டபத்தில் மூன்று தேர்வாளர்கள், முதன்மையர், நெறியாளர், பங்கேற்புச் சான்றிதழுக்காக வந்து உட்கார்ந்த சில மாணவர்கள். ஒருவர், பேருந்து வராமலே போனால் அது காத்திருத்தலா இல்லையா என்று கேட்டார். இன்னொருவர் குனிந்து, காதும் காதும் வைத்த மாதிரி ஒரு அடிக்குறிப்புக் கேள்வி கேட்டார். எனக்குக் கேட்கவில்லை. ஆம் என்றேன். திருப்தியாகத் தலையாட்டினார். மூன்றாமவர் வெளியூர்க்காரர், நல்ல மனிதர், நிஜமாகவே ஆய்வேட்டைப் படித்திருந்தார். அதுதான் எனக்கு வினையாயிற்று.

மூன்றாம் இயலில் ஒரு இடம் தன்னை உலுக்கிவிட்டது என்றார். தனியாக நிற்பவர்தான் பேருந்து வருகிற திசையைப் பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, எத்தனை நுட்பமான பார்வை உங்களுக்கு, அந்த ஒரு வரிக்கே உங்களுக்குப் பட்டம் தரலாம் என்றார். மண்டபம் கைதட்டியது. என் காது இரண்டும் எரிந்தது. அவள் பொருளை நான் திருடிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

"அது என்னோடது இல்ல சார். நாற்பத்தேழாம் குறிப்புல—"

"குறிப்பெல்லாம் கடைசியில" என்றார் முதன்மையர், அன்பாகத்தான்.

கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது. எனக்குப் பட்டம் பரிந்துரைக்கப்பட்டது. கையெழுத்துப் போட்டார்கள், கைகுலுக்கினார்கள், வெளியே தேநீர் தயாராக இருக்கிறது என்று எழுந்து போனார்கள். வெளியூர்க்காரர் வாசலில் ஒரு கணம் தயங்கினார். ரயிலுக்கு நேரமாகிறது என்று யாரோ தோளைத் தொட்டு அழைத்துப் போனார்கள். நெறியாளரும் போய்விட்டார். மண்டபத்தில் காலி நாற்காலிகளும் நானும், கடைசி வரிசையில் பூட்டும் சாவியுமாக ஸ்கேலும் மட்டும்தான். இறுதிக்குறிப்பு அமர்வு தொடங்கிவிட்டது.

விதிப்படி ஒவ்வொரு குறிப்பையும் நான் எழுந்து நின்று உரக்கப் படிக்க வேண்டும். கேள்வி ஏதாவது உண்டா என்று சபையைக் கேட்க வேண்டும். ஒன்றாம் குறிப்பைப் படித்தேன். கேள்வி உண்டா என்றேன். நாற்காலிகள் சும்மா இருந்தன. இரண்டைப் படித்தேன். வெளியே டம்ளர் சத்தமும் சிரிப்பும் கேட்டன. காலமானவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, யாருமில்லாத இடத்தில் நிறுத்திவைப்பது போல இருந்தது. போதும், விட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். அவள் எண் இன்னும் வரவில்லையே என்றுதான் நின்றேன்.

நாற்பத்தேழு வந்தது. "இதை முதலில் கவனித்தவர் என் மனைவி" என்று ஆரம்பித்தேன். குரல் உடைந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று முழுவதையும் படித்துவிட்டு, கேள்வி உண்டா என்று அந்த நாற்காலிகளைப் பார்த்துக் கேட்டேன். இல்லை. அழுதேன், மறைப்பானேன். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிமெண்ட் ஆய்வைப் படித்தேன்.

கடைசிக் குறிப்பு முடிந்ததும் ஸ்கேல் எழுந்துவந்து விளக்குகளை அணைத்தார். கதவைப் பூட்ட வேண்டும் சார் என்று மட்டும் சொன்னார்.

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே இருக்கிற நிறுத்தத்தில் போய் நின்றேன். வெயில் தாழ்ந்திருந்தது. பட்டம் வாங்கிவிட்ட மனிதன் யாரிடம் போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. பஸ் வருகிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் நான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது. பார்க்கக்கூடாது என்று குனிந்து நின்றேன். இரண்டு நிமிடம்கூட முடியவில்லை, மறுபடி பார்த்தேன்.

பக்கத்தில் ஸ்கேல் வந்து நின்றார். தோள்பையிலிருந்து இரும்பு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். நான் அவரைக் கண்டுகொள்ளாத மாதிரி நின்றேன். அந்தக் கட்டடத்து ஆள் எவரோடும் அன்றைக்குப் பேசுகிற மனநிலை எனக்கில்லை. அவர்தான் தொண்டையைச் செருமினார்.

"உங்க வீட்டம்மா அதை எந்த ஸ்டாப்புல பார்த்தாங்க சார்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் பக்கம் திரும்பினேன். ஆஸ்பத்திரிக்கு எதிரே என்றேன். மண்டபத்திலேயே தனக்கு ஒரு கேள்வி இருந்தது, ஆனால் சபையில் தான் உறுப்பினர் இல்லை, கேட்கிற அதிகாரம் இல்லை, அதனால் கேட்கவில்லை என்றார். இங்கே கேளுங்கள் என்றேன்.

போனில் பேசிக்கொண்டு நிற்கிறவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று கேட்டார். அட, இதே கேள்வியை நான் அவளிடம் கேட்டிருக்கிறேன். போனில் பேசுகிறவன் திரும்பிப் பார்க்கமாட்டான், போனைப் பார்க்கிறவன் பார்ப்பான் என்று அவள் சொன்னதைச் சொன்னேன். அதெப்படி, இரண்டும் போன்தானே என்றார் ஸ்கேல். இல்லை, பேசுகிறவனுக்குத் துணை இருக்கிறது, பார்க்கிறவனுக்குத் துணை இல்லை, அவள் அப்படித்தான் பிரித்தாள் என்றேன். கொஞ்சம் யோசித்தார். அவர் வீட்டில் எல்லோரும் இருக்கிறார்களாம், ஆனால் அவர் எந்த நிறுத்தத்திலும் கழுத்தை நீட்டிப் பார்க்கிற ஆள்தானாம், சின்ன வயதிலிருந்தே அப்படியாம். இதை அளக்க முடியுமா என்று கேட்டார். அவள் இருந்தால் அந்த ஸ்கேலைப் பிடுங்கிக் கிண்டல் பண்ணியிருப்பாள் என்றேன். சிரித்தார். அவளுக்கு வேறென்ன கண்ணில் பட்டது என்று கேட்டார். வேலை போன பெண்ணைப் பற்றிச் சொன்னேன். மழையில் குடையை விரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்ற கிழவரைப் பற்றிச் சொன்னேன். ஆய்வேட்டில் எங்கேயும் இல்லாததையெல்லாம் சொன்னேன்.

திடீரென்று புகை நாற்றம் மூக்கில் ஏறியது. திரும்பினால், எங்கள் பஸ் முதுகைக் காட்டிக்கொண்டு தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. வந்ததையும் நின்றதையும் புறப்பட்டதையும் நாங்கள் இரண்டு பேரும் பார்க்கவில்லை. ஸ்கேல் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் ஆனது. அதிலும் நடத்துநர் அதட்டிக் கூப்பிட்ட பிறகுதான் ஏறினோம்.

என் நிறுத்தத்தில் இறங்கி, கிட்டத்தட்ட ஓட்டமாகவே வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன்.

"ஏய், கேட்டியா? நீ சொன்னது சரிதான்."

அப்புறம் விளக்கைப் போட்டேன்.